நாசிக்கு ஒரு கெண்டி

யோகாசன ஆசிரியன் என்று ஒருவன் சொல்லிக்கொண்டால், அவன் தலைகீழாக நிற்பதிலும் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னே மாட்டிக்கொள்வதிலும் தன் ஆயுளைக் கழித்திருப்பான் என்றுதான் ஜனங்கள் நினைக்கிறார்கள். என் விஷயத்தில் உண்மை அவ்வளவு கம்பீரமானதல்ல. கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் பின்கட்டில், கிணற்றடியை ஒட்டிய சிமெண்டுத் தளத்தில், பிறருடைய மூக்கிலிருந்து ஜலம் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு நான் அநேக காலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். ஆசனம் கற்க வந்தவர்களைவிட, தும்மல் நிற்கவில்லை என்றும், சளி விடமாட்டேன் என்கிறது என்றும், எழுந்ததும் மண்டை கனக்கிறது என்றும் முறையிட்டுக்கொண்டு வந்தவர்களே என்னிடம் அதிகம். அவர்களுக்கெல்லாம் நான் முதன்முதலில் எடுத்துக் கொடுத்தது, ஒரு சிறிய மூக்குக் கெண்டியும் அது நிறைய வெதுவெதுப்பான உப்பு நீரும்தான்.

இந்தக் கிரியைக்கு ஜலநேத்தி என்று பெயர். ஹடயோகிகள் சரீர சுத்திக்காக வகுத்த தௌதி, வஸ்தி, நேத்தி, திராடகம், நௌலி, கபாலபாதி என்னும் ஷட்கர்மங்களில் நேத்தியும் ஒன்று என்பது உண்மையே. ஆனால், ஹடயோகப் பிரதீபிகையைப் புரட்டிப் பார்த்தால் அங்கே கெண்டியும் இல்லை, உப்பு நீரும் இல்லை. ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான நூலை நாசித் துவாரத்தில் செலுத்தி வாய் வழியே வெளியே எடுக்கும்படிதான் அந்நூல் விதிக்கிறது. கேரண்ட சம்ஹிதையும் நேத்திக்கு நூலையே சொல்லுகிறது. நாசியால் ஜலத்தை இழுத்து வாயால் உமிழ்வதைக் கபாலபாதியின் ஒரு வகையாக வேறோர் இடத்தில் வைக்கிறது. நம்முடைய சித்த வைத்தியத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகள், ஒன்றரைத் திங்களுக்கு ஒருமுறை நசியம் செய்துகொள்ளச் சொல்லுகின்றனவே என்று சிலர் கேட்பதுண்டு. நசியம் என்பது மூக்கில் மருந்துச் சொட்டு விடுவது, கழுவுவது அல்ல. ஆகையால் 'ஐயாயிரம் வருஷத்து ரகசியம்' என்று இந்தக் கெண்டிக்குப் பெருமை கட்டிப் பேசுகிறவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. பல் விளக்குவதற்கு எந்த ஆகமப் பிரமாணமும் நமக்குத் தேவைப்படவில்லை. மூக்கைக் கழுவுவதற்கு மட்டும் ஏன் வேண்டும்?

நான் இதைக் கற்றது மகாராஷ்டிரத்தில், சுவாமி குவலயானந்தர் 1924ஆம் ஆண்டில் ஸ்தாபித்த லோனாவ்லாக் கைவல்யதாமத்தில். ஹடயோகத்தின் கிரியைகளை ரசாயன சாலைக் கருவிகளோடும் எக்ஸ்-ரே படங்களோடும் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு அவருக்குத் தொடக்கத்திலேயே இருந்தது. அவர் காலம் முடிந்து வெகுநாள் கழித்துப் போன எங்களுக்கும் அந்தக் காற்று கொஞ்சம் பட்டது. லோனாவ்லாவில் மழைக்காலம் என்றால் சாதாரண மழையன்று. சஹ்யாத்திரி மலையின் மேல் மேகம் இறங்கி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். துணி உலராது, புஸ்தகத்தின் அட்டை பூசணம் பூக்கும், தஞ்சாவூர் வெயிலில் வளர்ந்த என்னைப் போன்றவனுக்கு மூக்கு என்பது அடைத்துக்கொள்வதற்காகவே படைக்கப்பட்ட அவயவம் என்று தோன்றிவிடும். அந்த நிலையில்தான் ஒரு முதிய ஆசிரியர் எங்களை வரிசையாகக் குழாயடியில் நிறுத்தி, 'ஜலத்துக்கு வழி தெரியும். நீங்கள் ஒத்தாசை செய்யாமல் இருந்தால் போதும்' என்று ஹிந்தியில் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம். ஊருக்குத் திரும்பி நானே கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான், இந்தத் தொழிலில் கெடுதல் என்று எது நேர்ந்தாலும் அது யாராவது ஒருவர் ஜலத்துக்கு ஒத்தாசை செய்ய முற்பட்டதனால்தான் நேருகிறது என்பது புலப்பட்டது.

கெண்டி விஷயத்திலிருந்தே அது ஆரம்பமாகிறது. கும்பகோணத்தில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் மூக்குக்கென்று ஒரு பாத்திரம் கடைவீதியில் எங்கும் கிடைக்கவில்லை. வாடகைக்கு ஒரு சிறு பட்டறை வைத்துக்கொண்டு குடமும் தவலையும் ஒட்டுப்போட்டுக் கொடுத்துவந்த கன்னார் ஒருவரிடம் போய் என் தேவையைச் சொன்னேன். அவர் பூஜைக்குரிய கமண்டலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, நீண்டு வளைந்து மேல்நோக்கி நிமிர்ந்த மூக்கோடு ஒன்று செய்து கொடுத்தார். பார்வைக்கு வெகு அழகு. ஆனால், கெண்டியின் மூக்கு அதன் வாய்விளிம்புக்கு மேலே உயர்ந்திருந்தால், உள்ளிருக்கும் ஜலம் மூக்கு வழியாக வருவதற்குள் விளிம்பின் வழியாக வழிந்து சட்டையை நனைத்துவிடும். அதைச் சொன்னதும் கழுத்தைக் குறுக்கி, மூக்கைத் தாழ்த்தி இன்னொன்று செய்தார். இப்போது மூக்கின் நுனி பேனா முனையைப்போல் கூர்மையாகிவிட்டது. நுனி கூர்மையானால் இரண்டு தொல்லைகள். ஒன்று, அது துவாரத்துக்குள் ஆழப் புகுந்து நடுச்சுவரைக் குத்தும்; அந்த இடத்தில் ரத்த நாளங்கள் தோலுக்கு வெகு சமீபத்தில் கூடியிருப்பதால், ஒரு சிறு கீறலே ரத்தம் கொட்டப் போதும். மற்றொன்று, மூக்கு துவாரத்தை அடைக்காததால் ஜலம் போன வழியே திரும்பிக் கன்னத்தில் வழியும்.

'நாலு வீட்டுக்குக் குடம் பண்ணிக் குடுத்திருக்கேன், கோயிலுக்குச் சொம்பு பண்ணிக் குடுத்திருக்கேன். யாரும் இந்த மாதிரி நூல் பிடிச்சு அளவு பாத்ததில்லீங்க வாத்தியாரே' என்று அவர் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டாரே தவிர, கைவிடவில்லை. தம் பேரனைக் கூப்பிட்டு, மெழுகை உருட்டி அவன் மூக்கின் வாயிலில் மெதுவாக வைத்துப் பார்த்து, உள்ளே போகாமலும் வெளியே நழுவாமலும் அது நிற்கிற இடத்தில் நகத்தால் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். அந்த மெழுகின் அளவுக்கு, முனை மழுங்கிய ஒரு கூம்பாக மூக்கின் நுனி அமைந்தது. தகட்டைச் சுருட்டிக் குழலாக்கி, வெங்காரம் தடவிப் பற்றாசு வைத்து ஊதி, உடலோடு சேர்த்த பிறகு, சேர்ந்த இடத்தை உள்ளே விரல் விட்டுத் தடவிப் பார்த்து, எங்கேயாவது பிசிறு தட்டினால் அரத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்துவிடுவார். உப்பு நீர் பித்தளையில் பட்டால் களிம்பு ஏறும் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, புகை கிளம்புகிற அந்த நேரத்திலேயே வெள்ளீயத்தைப் பஞ்சால் துடைத்து உள்ளெல்லாம் பூசிவிட்டார். காரீயம் கலந்த மலிவான ஈயம் வேண்டாம் என்று மட்டும் நான் வற்புறுத்தினேன். அதற்கு அவர் சற்றே கோபித்துக்கொண்டதாகவும் எனக்கு ஞாபகம். அவர் பட்டறைக் கெண்டிகள் சில இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. ஈயம் தேய்ந்துபோனதால் உபயோகத்தில் இல்லை.

உப்பைப் பற்றி விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். குளத்தில் முங்கும்போது மூக்கில் ஜலம் ஏறி உச்சந்தலை வரை சுரீரென்று எரிந்த அனுபவம் இல்லாதவர் காவிரிக்கரையில் இருக்க முடியாது. மூக்கில் தண்ணீர் விடுவது என்ற பேச்சை எடுத்தவுடன் எல்லோரும் முகத்தைச் சுளிப்பது அந்த ஞாபகத்தினால்தான். ஆனால் அந்த எரிச்சலுக்குக் காரணம் ஜலமன்று, ஜலத்தில் உப்பில்லாமையே. நம்முடைய ரத்தத்திலும் கண்ணீரிலும் நாசியின் உட்சவ்விலும் ஓர் உப்பளவு இருக்கிறது. வெறும் ஜலம் அந்தச் சவ்வைத் தொட்டதும் அதன் உயிரணுக்களுக்குள் புகுந்து அவற்றை உப்பச் செய்கிறது. அந்த உப்பல்தான் எரிச்சலாக உணரப்படுகிறது. லிட்டருக்கு 9 கிராம், அதாவது நூற்றுக்கு 0.9 பங்கு உப்பைக் கரைத்துவிட்டால் இரண்டு பக்கமும் சமமாகி, ஜலம் போவதே தெரியாமல் போய்விடும். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றும் சலைன் பாட்டிலின் உப்பளவும் அதுதான். அரை லிட்டருக்கு 4.5 கிராம், தூள் உப்பானால் தேக்கரண்டியில் தலைதட்டி முக்கால் அளவு. கல்லுப்பானால் இடைவெளி மிகுதியாதலால் கரண்டிக் கணக்கு பொய்த்துப் போகும். ஒருமுறையாவது தராசில் நிறுத்துப் பார்த்துக்கொள்வது உத்தமம். தராசு இல்லாத வீடுகளுக்கு நான் சொல்லும் அளவு நாக்குதான்: கண்ணீர் உதட்டில் பட்டால் என்ன உப்புக் கரிக்குமோ, அவ்வளவு.

எந்த உப்பு என்பதும் ஒரு கேள்வி. கடையில் பொட்டலமாக வருவதில் அயோடினும், கட்டிதட்டாமல் உதிர்வதற்கான பொடியும் கலந்திருக்கின்றன. சாப்பாட்டுக்கு அது மிக நல்லது. கழுத்துக்கழலையிலிருந்து இந்தத் தேசத்தைக் காப்பாற்றிய உப்பு அது. ஆனால் சிலருடைய மூக்குக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே வேதாரண்யத்துக் கல்லுப்பை வாங்கி, கொதிநீரில் கரைத்து, தெளியவைத்து, கெட்டித் துணியில் வடிகட்டி உபயோகிப்பது எங்கள் பழக்கமாயிற்று. வடித்த துணியில் படியும் கருமண்ணைப் புதிதாக வந்தவர்களுக்குத் தவறாமல் காட்டுவேன். அதைக் கண்ட பிறகு ஒருவரும் வடிகட்டச் சோம்பியதில்லை. எரிச்சல் பின்னும் இருக்கிறது என்கிறவர்களுக்கு ஒரு சிட்டிகை ஆப்பசோடா சேர்த்தால் சரியாகிவிடும். சிலர் அதிக உப்புப் போட்டால் அதிக சுத்தமாகும் என்று எண்ணிக்கொண்டு கைப்பிடியாக அள்ளிப் போட்டு, நாள் முழுவதும் மூக்கு வறண்டு காந்துகிறது என்று வந்து நிற்பார்கள். ஒத்தாசை செய்யும் வகையில் அதுவும் ஒன்று.

இனிக் கிரியைக்கு வருகிறேன். இடுப்பளவு உயரமுள்ள தொட்டியின் முன்னே சற்றுக் குனிந்து நின்று, தலையை ஒரு பக்கம் சாய்த்து, மேலே இருக்கும் துவாரத்தில் கெண்டியின் மூக்கைப் பொருத்தி, வாயைத் திறந்து வாயினால் சுவாசித்துக்கொண்டு, பாலாடையில் குழந்தைக்குப் புகட்டும் தாயின் கை எவ்வளவு சாயுமோ அவ்வளவு சாய்க்க வேண்டும், அவ்வளவுதான். வாயால் மூச்சு விடும்போது மெல்லண்ணம் தானாகவே எழும்பித் தொண்டைக்குப் போகும் வழியை மறைத்துக்கொள்ளுகிறது. ஜலம் நடுச்சுவரின் பின்விளிம்பைச் சுற்றிக்கொண்டு எதிர்த் துவாரத்தின் வழியாக வெளியே வந்துவிடுகிறது. பேசினாலோ சிரித்தாலோ அண்ணம் அசைந்து ஜலம் தொண்டையில் இறங்கும். விழுங்கினால், காதுக்கும் தொண்டைக்கும் நடுவே உள்ள குழல் திறந்துகொண்டு ஜலம் காதுக்குப் போகப் பார்க்கும். ஆகையால் பேச்சும் சிரிப்பும் விழுங்குவதும் கூடாது. நாலு பேர் சேர்ந்து நிற்கும் வகுப்பில் முதலாமவர் மூக்கிலிருந்து ஜலம் ஒழுகுவதைப் பார்த்தவுடன் இரண்டாமவருக்குச் சிரிப்பு வந்தே தீரும் என்பதால், ஆளுக்கொரு திசையைப் பார்த்து நிற்கும்படி ஏற்பாடு செய்திருந்தேன்.

பயத்தைப் போக்குவதுதான் வாத்தியாருடைய வேலையில் முக்காற்பங்கு. அரிசி ஆலையொன்றில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர், தவிட்டுத் தூசியினால் வருஷம் முழுவதும் மூக்கடைப்பும் தும்மலுமாக அவதிப்பட்டுக்கொண்டு வந்தார். ஆறடி உயரம், தோளில் காய்ப்பு. கெண்டியைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கி, 'மூட்டை எத்தனை வேணாலும் சொல்லுங்க வாத்தியாரய்யா, தூக்கிடறேன். இது மட்டும் வேணாங்க' என்றார். சின்ன வயதில் குளத்தில் முழுகிப் பிழைத்தவர் என்பது பிறகு தெரிந்தது. நான் ஒருவருக்கும் கெண்டியை என் கையால் பிடித்து ஊற்றியதில்லை. வற்புறுத்திக் கேட்டாலும் மாட்டேன். பாத்திரம் தன் கையில் இருக்கிறது, எந்த க்ஷணமும் நிமிர்த்திவிடலாம் என்ற உறுதி ஒருவனுக்கு இருக்கும்வரையில் பயம் ஓர் அளவுக்குமேல் வளராது. அதே ஜலத்தைப் பிறர் கை ஊற்றினால் அது மூழ்குவதைப் போலத்தான் இருக்கும். அவரிடம் கெண்டியைக் கொடுத்து, முதல் நாள் வெறுமனே மூக்கில் பொருத்திக்கொண்டு வாயால் மூச்சு விடச் சொன்னேன். மறுநாள் கொஞ்சம் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடியும் சாய்த்தார். அப்புறம் எதிர்த் துவாரத்திலிருந்து ஒரு மெல்லிய தாரை தொங்கியது. கீழே வைத்திருந்த வெள்ளை எனாமல் பேசினில் அது விழுந்தபோது பழுப்பு நிறமாக இருந்தது. அடியில் தவிட்டுத் துகள்கள் தெரிந்தன. நடுவே ஒரு திரி சளி, கறுப்பும் பழுப்புமாக முறுக்கிக்கொண்டு கிடந்தது. அவர் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்று, 'இம்புட்டும் உள்ளயா இருந்துச்சு?' என்றார். பிறகு அந்த ஆலையிலிருந்து ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வரத் தொடங்கினார்கள்.

பயமே இல்லாமல் வந்தவரும் உண்டு. அத்தர் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவர், வயதில் என்னைவிடப் பெரியவர், முதல்முறையே ஒரு துளி சிந்தாமல் முடித்துவிட்டு, 'அஞ்சு வேளை உளூவுல மூக்குக்குத் தண்ணி குடுக்கிறவனுக்கு இது என்ன தம்பி பெரிசு?' என்று கேட்டார். வாசனையை வைத்தே பிழைக்கிறவராதலால் மூக்கை அவர் பேணிய சிரத்தையை நான் வேறெவரிடமும் கண்டதில்லை.

கழுவுவதைவிட உலர்த்துவது முக்கியம். அதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கன்ன எலும்புக்குள்ளும் நெற்றிக்குள்ளும் உள்ள அறைகளின் மூலை முடுக்குகளில் கொஞ்சம் ஜலம் தங்கத்தான் செய்யும். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து, தலையைத் தொங்கவிட்டு, வலமும் இடமும் மெல்லத் திருப்பி, இரண்டு துவாரங்களும் திறந்திருக்க லேசாக மூச்சை வெளியே தள்ள வேண்டும். ஒரு துவாரத்தை விரலால் அழுத்திக்கொண்டு மற்றதால் பலங்கொண்ட மட்டும் சீந்தக் கூடாது. சீந்தினால் ஜலமும் அதோடு அழுக்கும் காதுக்குள் போகும், காதுவலி வரும். என்னிடம் கற்ற வக்கீல் ஒருவர் இந்த உலர்த்தும் பகுதியை வீண் சம்பிரமம் என்று ஒதுக்கி வந்தார். ஒரு கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவருக்கு நமஸ்காரம் செய்யக் குனிந்தபோது, காலையில் தங்கியிருந்த ஜலம் முழுவதும் அந்தப் பெரியவருடைய பாதத்தில் அபிஷேகமாக விழுந்தது. அன்றிலிருந்து வகுப்பில் அவரைப்போல் சிரத்தையாகக் குனிந்து நின்றவர் இல்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ஐரோப்பிய வைத்தியர்களும் இதே காரியத்தை வேறொரு விதமாகச் செய்தார்கள் என்று பிற்பாடு படித்தேன். வேபர் என்பவரின் பெயரால் வழங்கிய கருவியில், ஒரு ஜாடியை உயரத்தில் வைத்து, ரப்பர்க் குழாய் வழியாக மூக்குக்கு ஜலம் விட்டார்கள். ஜாடியை உயர்த்த உயர்த்த ஜலத்தின் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் காது கெடும். அப்படிக் காது கெட்டவர்களைக் குறித்துப் பல வைத்தியர்கள் எழுதியும் வைத்தார்கள். நம் கெண்டியில் ஜலமட்டம் துவாரத்துக்கு மேலே நாலு விரற்கடைக்கு அதிகம் போவதில்லை. பாத்திரமே ஒரு வரம்பைக் கட்டிவிடுகிறது. பிடித்திருக்கிறவன் முரடனாக இருந்தாலும் அதற்குமேல் கெடுதல் செய்ய முடியாது. கன்னார் மூக்கைத் தாழ்த்தி வைத்ததன் அருமை அந்த விவரத்தைப் படித்தபோதுதான் எனக்கு முழுவதும் விளங்கிற்று.

எல்லா மூக்குக்கும் இது மருந்தாகாது. ஒரு தாய், ஏழெட்டு வயதுச் சிறுவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, 'ஓயாத சளி ஐயா, ஒரு பக்கம் மட்டும் ஒழுகிட்டே இருக்கு. பக்கத்துல உக்கார முடியல, அப்படி ஒரு நாத்தம். நீங்க தண்ணி ஊத்தினா சரியாகும்னாங்க' என்றாள். இரண்டு பக்கமும் ஒழுகினால் அது சளி. குழந்தைக்கு ஒரே பக்கம் ஒழுகி, அதிலும் துர்நாற்றம் வீசினால், உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். கெண்டியை நான் எடுக்கவே இல்லை. பயறோ கடலையோ உள்ளே இருந்து அதன்மேல் ஜலம் பட்டால் ஊறிப் பருத்து இன்னும் இறுகிக்கொள்ளும். அதைவிட மோசமாக, பின்னால் தள்ளப்பட்டு மூச்சுக்குழலுக்குள்ளும் போய்விடலாம். காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் அன்றைக்கே அனுப்பிவைத்தேன். அவர் எடுத்தது பாதி ஊறிய ஒரு கொண்டைக்கடலை. எப்போது போட்டுக்கொண்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. அடிக்கடி மூக்கில் ரத்தம் வருகிறவர், காதில் சீழ் உள்ளவர், மூக்கில் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டு வைத்தியரின் அனுமதி பெறாதவர், இரண்டு துவாரமும் அறவே அடைத்து ஒரு துளியும் போகாத நிலையில் உள்ளவர், இவர்களையெல்லாம் நான் தொட்டியின் பக்கமே விட்டதில்லை. நடுச்சுவர் வளைந்தவர்களுக்கு ஒரு பக்கத்திலிருந்து ஜலம் தாராளமாகப் போகும், மறுபக்கத்திலிருந்து வராது. அதைக் கண்டதும் வைத்தியரைப் பார்க்கச் சொல்லிவிடுவேன்.

ஜலத்தைப் பற்றிய என் கண்டிப்பு இப்போது முன்னிலும் அதிகமாகியிருக்கிறது. கொதிக்கவைத்து ஆறிய ஜலத்தையே உபயோகிக்க வேண்டும் என்பது லோனாவ்லாவில் பிடித்துக்கொண்ட பழக்கம்; அதை வெறும் ஆசாரம் என்று சிலர் கேலி செய்ததுண்டு. 2011ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லூயிசியானா மாகாணத்தில் இரண்டு பேர், குழாய்த் தண்ணீரை அப்படியே கெண்டியில் விட்டு மூக்கைக் கழுவி, அதிலிருந்த நெய்க்லீரியா ஃபௌலெரி என்னும் அமீபாவினால் மூளை பழுதுபட்டு இறந்தார்கள். அந்தக் கிருமி வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. நாசியின் உச்சியில் உள்ள வாசனை நரம்பின் வழியே ஏறினால் மூளைக்குப் போய்விடும், போனால் பிழைப்பவர் மிகச் சிலர். கேரளத்தில் 2024ஆம் ஆண்டில் கோழிக்கோடு, மலப்புரம் பக்கங்களில் குழந்தைகள் இந்த நோயால் இறந்த செய்தி பத்திரிகைகளில் வந்தபோது, என் பழைய மாணவர்கள் பலர் கலவரப்பட்டு, கெண்டியையே விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். விட வேண்டியதில்லை; தளதளவென்று குறைந்தது ஒரு நிமிஷம் கொதித்த ஜலத்தில் அந்த அமீபா பிழைக்காது. வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சுத்திகரிப்புப் பெட்டியின் ஜலமானாலும் கொதிக்கவைத்தே ஆக வேண்டும். மூடி ஆறவைத்து, ஒரு நாளைக்குள் உபயோகித்துவிட்டு, மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டும். கொதித்த ஜலத்தில் சூடு தணிவதற்காகக் குழாய்த் தண்ணீரைக் கலக்கிறவர்களைக் கண்டால் மட்டும் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

இங்கிலீஷ் வைத்தியர்கள் ஒரு காலத்தில் இதைச் சாமியார் வேலை என்று தள்ளினார்கள். இப்போது அவர்களே சீட்டில் எழுதிக் கொடுக்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாட்பட்ட சைனஸ் தொல்லையுள்ளவர்கள் நூற்றுக்கு 2 பங்கு உப்பு நீரால் ஆறு மாதம் தினமும் மூக்கைக் கழுவி, தொல்லையும் மருந்தும் குறைந்திருக்கக் கண்டார்கள். 2007ஆம் ஆண்டில் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இந்தக் கெண்டியைக் காட்டிய பிறகு அந்தத் தேசத்து மருந்துக் கடைகளில் அது சரமாரியாக விற்றதாம். சளியையும் தூசியையும் மகரந்தத்தையும் கழுவுகிறது, சவ்வின் நுண்மயிர்கள் தம் வேலையைச் செய்ய வழிவிடுகிறது. அதற்குமேல் திவ்ய திருஷ்டி, ஞாபக சக்தி, நரை திரை மாறுதல் என்று வருகிற விளம்பரங்களுக்கு என் தொழிலில் நான் ஆதாரம் காணவில்லை. பார்வை கூடும் என்று எண்ணி வந்த ஒருவரைக் கண்ணாடிக் கடைக்குத்தான் அனுப்பினேன்.

கன்னார் காலமாகிவிட்டார்; பிள்ளைகள் வேறு உத்தியோகத்துக்குப் போய்விட்டார்கள். இப்போது எவர்சில்வர் கெண்டி, பீங்கான் கெண்டி, பிளாஸ்டிக் கெண்டி என்று கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. அமுக்கினால் பீய்ச்சும் பிளாஸ்டிக் பாட்டில்களையும் வைத்தியர்கள் சிபாரிசு செய்கிறார்கள். சஸ்திர சிகிச்சைக்குப் பிறகு அறைகளுக்குள் ஜலம் எட்ட அது உதவுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், அமுக்கும் கைக்கு எல்லை எது என்று அந்தப் பாட்டில் சொல்லுவதில்லை; ஆகையால் புதிதாகக் கற்க வருகிறவர்களுக்குக் கெண்டியையே வாங்கச் சொல்லுகிறேன். பெரிய தெருவில் ஒரு பாத்திரக் கடையில் மொத்தமாக வாங்குவது வழக்கம். வாங்குமுன் ஒவ்வொன்றிலும் மூக்கின் நுனியில் விரலை வைத்து உருட்டிப் பிசிறு பார்ப்பேன். உள்ளே மூக்கு சேரும் இடத்தை டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பேன், அங்கே பள்ளம் இருந்தால் உப்பும் அழுக்கும் தங்கும். கடைசியாகக் கடைப் பையனிடம் தண்ணீர் வாங்கி நிரப்பிச் சாய்த்து, விளிம்பில் வழிவதற்கு முன்னால் மூக்கில் தாரை வருகிறதா என்று பார்ப்பேன். ஒரு டஜனில் மூன்று நான்கு தேறாமல் போகும். போன தடவை முதலாளி, நனைந்துபோன கணக்குப் புத்தகத்தை உதறிக்கொண்டே, 'அடுத்த தடவை வரச்சே பின்பக்கம் குழாயடிக்கே அனுப்பிடறேன் சார், அங்கேயே நின்னு பாத்துக்கோங்க' என்றார். அந்த ஏற்பாடு எனக்கும் சௌகரியமாகத்தான் இருக்கிறது.